சபுராவுக்குப் பழகிய வண்டி

கல்யாணமாகி பம்பாய்க்கு வந்ததிலிருந்து சபுரா தன் கணவரின் காரில் முன்சீட்டில் உட்கார்ந்ததே இல்லை. காரில் ஏறுவதே அபூர்வம். காசிமுக்கு அது தொழில். ஏர்போர்ட், நாசிக், ஷிர்டி, லோனாவாலா என்று டிராவல்ஸ்காரர்கள் அனுப்புகிற இடங்களுக்கெல்லாம் போய்வருவார். பெருநாளன்று மட்டும் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போவார். அப்போதும் சபுராவும் மகள் உமைராவும் பின்னால்தான். முன்சீட்டில் ஒரு துண்டை விரித்து, சாப்பாட்டுத் தூக்கை வைத்துவிடுவார். இப்படித்தான் உட்காரவேண்டும் என்று அவர் சொன்னதில்லை. அப்படியே பழகிப்போயிற்று.

காசிம் இளவயதில் ஏர்வாடியிலிருந்து தாராவிக்கு வந்து தோல் பட்டறையில் நின்றவர். பட்டறைகளை ஊருக்கு வெளியே கொண்டுபோனபோது அவர் கூடப் போகவில்லை. மாட்டுங்காவில் ஓர் ஆடிட்டரிடம் டிரைவராகச் சேர்ந்தார். பிறகு கடன் வாங்கி, சிஎன்ஜியில் ஓடும் ஒரு வெள்ளைக் காரைச் சொந்தமாக எடுத்தார். அதிகம் பேசாத மனிதர். சபுரா வீட்டிலேயே மிஷின் போட்டுக் கைப்பைகளுக்கு ஜிப் தைத்துக் கொடுத்தாள். மிஷின் சத்தம் நின்றால்தான் அவர் தலையை நிமிர்த்தி அவளைப் பார்ப்பார். சண்டை என்று பெரிதாக ஒன்றும் வந்ததில்லை. சிரித்துப் பேசியதும் குறைவு.

சர்க்கரை வியாதி முதலில் அவர் கண்ணைப் பிடித்தது. அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. குர்லாவில் ஓர் ஆட்டோவை உரசிவிட்டு, வெயில் கண்ணில் அடித்துவிட்டது என்றார். சிக்னலில் முன்னால் இருந்தவனை இடித்துவிட்டு, அவன் சடாரென்று பிரேக் போட்டான் என்றார். அடுத்த மழைக்காலத்தில் கால் வீங்கியது, மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோதுதான் கண்ணின் சேதியும் சிறுநீரகத்தின் சேதியும் ஒன்றாகத் தெரியவந்தன. இனி வண்டி ஓட்டக்கூடாது, ஒரு நாள் விட்டு ஒரு நாள் டயாலிசிஸ் செய்யவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். செம்பூரில் ஒரு டிரஸ்ட் நடத்தும் சென்டரில் இடம் கிடைத்தது.

காரைத் தாராவியிலேயே லேபர் கேம்ப் பக்கம் ஒரு மதில் ஓரமாக நிறுத்தி, உறை போட்டு மூடினார்கள். தொடக்கத்தில் காசிம் தினமும் காலையில் தடவித் தடவி நடந்துபோய் உறையை விலக்கி, இஞ்சினை ஓடவிட்டுத் திரும்பி வருவார். பிறகு அது வாரம் ஒருமுறை ஆயிற்று. கடைசியில் நின்றே போயிற்று.

செம்பூர் ஒன்றும் தூரமில்லை. ஆனால் போவதும் வருவதும் பெரும்பாடு. வாஷியில் வேலை பார்த்து அங்கேயே குடியிருக்கும் உமைரா அங்கிருந்தே போனில் டாக்சி பிடித்து அனுப்புவாள். சந்துக்குள் வரமாட்டேன் என்று பாதிப்பேர் வழியிலேயே ரத்து செய்துவிடுவார்கள். ஒரு நாள் திரும்பி வரும்போது, சயானுக்கு வருமுன்னே காசிம் டாக்சிக்குள் வாந்தி எடுத்துவிட்டார். டிரைவர் வண்டியை ஓரங்கட்டி, இருவரையும் இறங்கச் சொன்னான். சபுரா தன் துப்பட்டாவால் சீட்டைத் துடைத்துக்கொடுத்தாள். அப்படியும் அவன் ஏற்றவில்லை. நல்ல வெயில். பிளாட்பாரத்தில் கம்பியைப் பிடித்தபடி காசிம் உட்கார்ந்தார். வாழ்நாளெல்லாம் யாரையும் நடுவழியில் இறக்கிவிடாத மனிதர். அதுதான் சபுராவுக்குத் தாங்கவில்லை.

அந்த வாரமே அவள் கிங்ஸ் சர்க்கிளில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்தாள். வகுப்பில் மற்றவர்களெல்லாம் காலேஜ் பிள்ளைகள். தையல் மிஷினை மிதித்துப் பழகிய கால் அவளுடையது. விட்டு விட்டு அழுத்தும். கார் குதித்துக் குதித்துப் போகும். கற்றுக்கொடுத்தவன் பொறுமைசாலி, ஆக்சிலேட்டர் மேல் காலை ஊன்றாமல் வைத்திரு என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். உமைரா கேள்விப்பட்டு அழுதாள். உம்மாவுக்கு ஏதாவது ஆனால் வாப்பாவை யார் பார்ப்பது என்று கேட்டாள். காசிமிடம் சபுரா தானே சொன்னாள். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"என் காடிய நீ தொடாத" என்றார். காரை அவர் பம்பாய்ப் பேச்சில் காடி என்றுதான் சொல்வார்.

ஆனாலும் லைசென்ஸ் வந்தது. அவள் மெக்கானிக் நாகூர் கனியிடம் போனாள். நாகூர் கனிக்கும் ஊர் ஏர்வாடிப் பக்கம்தான். காசிமின் காரை முதல் சர்வீசிலிருந்து பார்த்தவர். உறையை எடுத்தபோது டயர் காற்று இறங்கித் தரையோடு ஒட்டிப்போயிருந்தது. பேட்டரி செத்துக் கிடந்தது. புது பேட்டரி போட்டதும் இஞ்சின் பிடித்தது. ஆனால் நிலையாக ஓடவில்லை. கிளட்சை மிதிக்காமல் சும்மா நிற்கும்போதே இஞ்சின் வேகம் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. பிறகு இருமுவதுபோல இரண்டு முறை குலுங்கி நின்றுவிட்டது. மீட்டரில் இஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு அணையவே இல்லை.

நாகூர் கனி ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார். காற்று போகும் வழியைக் கழற்றிக் கரியைச் சுத்தம் செய்தார். புகைக்குழாயில் உள்ள சென்சார் போயிருந்தது, அதை மாற்றினார். அதன் பிறகும் வண்டி சரியாகவில்லை. அவர் கையைத் துடைத்துக்கொண்டு நேராகக் காசிமின் வீட்டுக்கு வந்தார். கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணே, கம்ப்யூட்டர்ல தப்புக் கணக்கா ஏறிக் கெடக்கு. சென்சார் சாகுறதுக்கு முன்னால சொன்ன பொய்யெல்லாம் நம்பி, இவ்வளவு எரிபொருள் போதும், இவ்வளவு காத்து போதும்னு அது எழுதி வச்சிருக்கு. இப்பம் சென்சாரு நெசத்தச் சொல்லுது, அது பழச விடமாட்டேங்குது. எல்லாத்தையும் அழிச்சுட்டு முதல்லேருந்து பழக விடணும்."

"எல்லாத்தையும்னா?"

"எல்லாம்தான். எங்கிட்ட உள்ள மிஷின்ல இத வையி, அத அழின்னு சொல்ல முடியாது."

காசிம் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். பிறகு, அழித்தபின் யாருடைய காலுக்குப் பழகும் என்று கேட்டார். டிரைவர்கள் எல்லோருக்கும் இருக்கிற நம்பிக்கைதான் அது. தன் வண்டி தன் காலை அறியும் என்பது. நாகூர் கனி, அது கால் என்று பெரிதாக ஒன்றுமில்லை, இஞ்சின் தன்னைத்தானே அறிந்துகொள்வதுதான் என்று விளக்க ஆரம்பித்தார். பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். கேட்டது அந்தக் கேள்வி இல்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் சபுராவைப் பார்த்தார். சபுரா தரையைப் பார்த்தாள். என்றைக்காவது கண் கொஞ்சம் தெளிந்தால், நாலு தெருவாவது ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று காசிம் மனதில் வைத்திருந்தார் என்பது அந்த நிமிடம் வரை அவளுக்குத் தெரியாது.

தலையணைக்கு அடியில் கைவிட்டு அவர் இன்னொரு சாவியை எடுத்தார். அப்படி ஒரு சாவி அங்கே இருப்பதே அவளுக்குப் புதிது. அதை நாகூர் கனியின் கையில் வைத்தார்.

"அழிச்சுரு" என்றார்.

மறுநாள் தானும் கேரேஜுக்கு வருவேன் என்று பிடிவாதம் பிடித்தார். நாகூர் கனி பைக்கில் உட்காரவைத்துக் கூட்டிப்போனார். சபுரா பின்னாலேயே நடந்து போனாள். ஸ்கேனரில் ஒரு பட்டனைத் தட்டியதும் வேலை முடிந்துவிட்டது. இவ்வளவுதானா என்று சபுராவுக்கு இருந்தது. நேரம் எடுத்தது அதற்கு அப்புறம்தான். ஏசி, விளக்கு, பாட்டு எதையும் போடாமல், ஆக்சிலேட்டரைத் தொடாமல், வண்டியை ஸ்டார்ட் பண்ணி அப்படியே விட்டார்கள். பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தபடி காசிம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இஞ்சின் தடுமாறியது, சீறியது, மறுபடி தடுமாறியது. நிற்கப்போகிறது என்று நினைக்கும்போது எப்படியோ சமாளித்தது. ரேடியேட்டர் காற்றாடி ஓடி நிற்கும்வரை யாரும் அசையவில்லை. அதன் பிறகு ஏசியைப் போட்டு மறுபடி விட்டார்கள். மெல்ல மெல்லச் சத்தம் சமமாயிற்று.

வீட்டுக்குக் கிளம்பும்போது நாகூர் கனி சபுராவிடம் சொல்லவேண்டியதைச் சொன்னார். இன்னும் முழுசாகப் பழகவில்லை. கொஞ்ச நாள் மக்கர் செய்யும். சிக்னலில் நின்றுபோனால் பயப்படவேண்டாம். நெரிசலிலும் ஓட்டவேண்டும், காலி ரோட்டில் ஒரே வேகத்திலும் ஓட்டவேண்டும், நிறுத்தவேண்டிய இடத்துக்கு முன்னாலேயே காலை எடுத்துவிட்டு வண்டியைத் தானாக ஓடி வேகம் குறையவிட வேண்டும். எல்லாவிதமாகவும் ஓட்டினால்தான் எல்லாம் பதியும்.

"அவசரப்படாதீய மைனி. அது கத்துக்கிடும்" என்றார்.

முதல் நாள் டயாலிசிசுக்குப் போகும்போது காசிம் பின்கதவைத் திறந்து ஏறப்போனார். நீங்கள் அங்கே உட்கார்ந்தால் எனக்குத் தைரியம் வராது என்று சபுரா சொன்னாள். அவர் முன்னால் வந்து உட்கார்ந்தார். சீட் பெல்ட்டை மாட்டத் தெரியாமல் தடுமாறினார். அந்தப் பக்கத்து பெல்ட்டை அவர் ஒருநாளும் போட்டதில்லை.

பிரியதர்ஷினி சிக்னலில் வண்டி பந்த் ஆகி நின்றுவிட்டது. பச்சை விழுந்தது. பின்னால் பஸ்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. சபுரா சாவியைத் திருப்பினாள். குதித்து நின்றது. மறுபடி திருப்பினாள், மறுபடி நின்றது. ஒருவன் ஜன்னலருகே வந்து இந்தியில் ஏதோ கத்திவிட்டுப் போனான். அவளுக்குக் கண் மறைத்தது. ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதுவிடுவாள்போல இருந்தது.

காசிம் முன்னால் பார்த்தபடியே சொன்னார். "அது நீயில்ல. காடி. இன்னும் பழகல. காலத் தூக்காத. சாவியத் திருப்பு."

வண்டி பிடித்துக்கொண்டது.

அதற்குப் பிறகும் பல நாள் நின்றது. டைமண்ட் கார்டன் திருப்பத்தில் நின்றது, சென்டரின் வாசலிலேயே ஒருமுறை நின்றது, சயான் பாலத்தின் ஏற்றத்தில் நின்று பின்னோக்கி நகர்ந்தது. ஒவ்வொரு முறையும் அவர் அதையேதான் சொன்னார், குரலை உயர்த்தாமல். அது நீயில்ல, காடி. சபுராவுக்கு அது பெரிய ஆறுதல். இந்தக் கழுதை எப்போது கற்றுக்கொள்ளுமோ என்று வண்டியைத் திட்டுவாள். அவர் லேசாக உதட்டைப் பிதுக்குவார். அது சிரிப்பா என்று அவளுக்குத் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரே வேகத்தில் ஓட்டவேண்டும் என்று நாகூர் கனி சொன்னதை நினைத்து வாஷிக்குப் புறப்பட்டார்கள். உமைராவிடம் சொல்லவில்லை, சொன்னால் பயப்படுவாள். மான்கூர்டு தாண்டியதும் ரோடு விரிந்தது. கடற்கழிமேல் போகும் கிரீக் பாலத்தில் ஏறியபோது வண்டியிலிருந்து எந்த ஆட்டமும் இல்லை. காசிம் ஜன்னலை இறக்கச் சொன்னார்.

"தண்ணி ஏறிக் கெடக்கா, எறங்கிக் கெடக்கா?"

"எறங்கிக் கெடக்கு. சகதி தெரியுது. கொக்கு மாதிரி என்னமோ கூட்டமா நிக்கி."

"நீ ரோட்டப் பாரு" என்றார். சற்றுப் பொறுத்து, "எந்தக் கலரு?" என்று கேட்டார்.

ரோஸ் கலர் என்று அவள் சொன்னாள். ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், முதலில் பார்த்ததை நினைவில் வைத்துச் சொன்னாள்.

உமைரா கதவைத் திறந்தவள், வாப்பா உம்மாவின் தோளைப் பிடித்து நிற்பதையும், உம்மாவின் கையில் கார் சாவியையும் பார்த்துவிட்டு உள்ளே போய் உலை வைத்தாள். சாப்பிட்டுத் திரும்பி வரும்போது காசிம் தூங்கிவிட்டார். பிறர் ஓட்டும் வண்டியில் அவர் கண்மூடி சபுரா பார்த்ததில்லை. ரயிலில்கூட உட்கார்ந்தே வருவார். உடம்பின் அசதியா, அவள்மேல் வந்த நம்பிக்கையா என்று அவள் பிறகு பலமுறை யோசித்திருக்கிறாள். எழுப்பிக் கேட்கிற விஷயமில்லை அது. சயான் சர்க்கிளில் நெரிசல். அவர் தலை ஆடாமல் இருக்கவேண்டும் என்பதற்காகவே அவள் பிரேக்கை மெல்ல மெல்ல மிதித்தாள்.

இப்படி ஒரு வருஷத்துக்குமேல் ஓடியது. அந்த வழியில் அவர்கள் பேசிய அளவுக்கு வீட்டில் அதற்குமுன் பேசியதில்லை. எந்த லேனில் போகவேண்டும், எந்த சிக்னலில் டிராபிக் போலீஸ் மறைந்து நிற்பான் என்றுதான் பெரும்பாலும். நடுநடுவே வேறு பேச்சும் வரும். தோல் பட்டறையில் நின்ற காலத்தில் தன் கையில் வீசிய நாற்றத்துக்குப் பயந்து, பெண் பார்க்க வந்தபோது கையைப் பாக்கெட்டிலேயே வைத்திருந்ததாக ஒரு நாள் சொன்னார். அவள் அப்போது அவர் கர்வம் பிடித்தவர் என்று நினைத்ததைச் சொன்னாள்.

அடுத்த மழைக்காலத்தின் முடிவில், டயாலிசிஸ் நடந்துகொண்டிருக்கும்போதே காசிமுக்கு இதயம் நின்றுவிட்டது. சபுரா வெளியே காரை நிழலுக்கு மாற்றி நிறுத்திக்கொண்டிருந்தாள். நர்ஸ் ஓடிவந்து கூப்பிட்டபோது, இஞ்சினை அணைக்காமலேயே இறங்கி ஓடினாள். எல்லாம் முடிந்து, உமைரா வந்து, உடலை ஆம்புலன்ஸில் ஏற்றியபிறகுதான் யாரோ ஒரு வாட்ச்மேன் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தான். அன்று சாயங்காலமே அடக்கம் நடந்தது. நாகூர் கனியும் தோள் கொடுத்தார்.

கணவனை இழந்தவள் இருக்கவேண்டிய நாலு மாதம் பத்து நாள் இத்தா முடியும்வரை சபுரா வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. காரை விற்றுவிடலாம் என்று உமைரா சொன்னாள். சபுரா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நாகூர் கனி அவ்வப்போது வந்து வண்டியை ஓடவிட்டுப் போனார்.

வெளியே வந்ததும் அவள் முதலில் போனது கேரேஜுக்குத்தான். விற்பதானாலும் குறையோடு கொடுக்கக்கூடாது என்று நினைத்தாள். இந்த வண்டி இன்றுவரை முழுசாகப் பழகவில்லை, சிக்னலில் நின்றுவிடுகிறது, அவர் போவதற்கு முந்தின வாரம்கூட நின்றது, மறுபடி எல்லாவற்றையும் அழித்துப் பார்க்கலாமா என்று கேட்டாள்.

நாகூர் கனி கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"மைனி, அது முதல் வாரத்துலயே பழகிட்டு. நாந்தான் செக் பண்ணேன். அதுக்கப்புறம் காடில ஒரு குத்தமும் இல்ல."

"பெறவு நின்னுச்சே?"

"கிளட்ச டக்குனு விட்டா எந்தக் காடியும் நிக்கும்." அவர் வேறுபக்கம் பார்த்தார். "அண்ணனுக்கும் தெரியும். சத்தத்த வச்சே கண்டுபிடிச்சிட்டாவ. எனக்கு போன் போட்டு, காடி சரியாயிட்டுல்லாண்ணு கேட்டாவ. ஆமாண்ணேன். அவகிட்ட சொல்லாத, இன்னும் பழகலன்னே இருக்கட்டும்னாவ."

சபுராவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஒரு வருஷம் முழுக்கத் தன்னை முட்டாளாக்கி வைத்திருந்தார்களே என்று வந்தது. முகம் தெரியாதவர்களுக்கு முன்னால் வண்டியைத் திட்டிக்கொண்டு நின்றதெல்லாம் நினைவுக்கு வந்தது. நாகூர் கனியை நாலு வார்த்தை கேட்டாள். அவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். பிறகு அவள் காருக்குள் போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். வெகுநேரம் இறங்கவில்லை. நாகூர் கனி பக்கத்து வண்டியில் வேலை இருப்பதுபோலக் குனிந்துகொண்டார். சாவு வீட்டில் எல்லோரும் கூடி அழுதபோது வராத அழுகை அவளுக்கு அங்கேதான் வந்தது என்று, பிறகு கேள்விப்பட்ட உமைரா சொல்வாள்.

கார் விற்கப்படவில்லை. அதே சந்தில் குடியிருக்கும் பிரம்மநாயகத்துக்கும் டயாலிசிஸ் ஆரம்பித்திருந்தது. பழைய மில் தொழிலாளி, வள்ளியூர்ப் பக்கம். அவர் மனைவி சண்முகவடிவு ஒரு நாள் வந்து வாசலில் நின்றாள். கேட்கக் கூச்சப்பட்டாள். டாக்சிக்காரர்கள் படுத்தும் பாட்டைத்தான் சொன்னாள், வேறொன்றும் கேட்கவில்லை. எத்தனை மணிக்குப் போகவேண்டும் என்று சபுராவே கேட்டுவிட்டாள். அதன்பின் லேபர் கேம்பிலிருந்து ஒரு பெண், சயானிலிருந்து ஒரு கிழவர் என்று சேர்ந்தார்கள். முறையாக ஓட்டவேண்டும் என்று அவள் வாடகை வண்டி ஓட்டுகிறவர்களுக்கான பேட்ஜும் வாங்கினாள். பின்சீட்டில் ரப்பர் விரிப்பு, கதவில் ஒரு டப்பா, ஒரு பாட்டில் தண்ணீர். யாராவது வாந்தி எடுத்தால் அவள் திரும்பிப் பார்க்கமாட்டாள். ஓரமாக நிறுத்திக் காத்திருப்பாள்.

ஆனால் சென்டருக்குள் மட்டும் அவள் போவதில்லை. வாசலோடு நின்றுவிடுவாள். அவர்களை உள்ளே அனுப்பிவிட்டு, காரிலேயே உட்கார்ந்து ஜிப் தைக்கவேண்டிய பைகளுக்கு நூல் பிரித்துக்கொண்டிருப்பாள். சண்முகவடிவுக்குக் காய்ச்சல் வந்த ஒரு நாள் பிரம்மநாயகம் தனியாக வந்தார். அவரால் நடக்க முடியவில்லை. சபுரா கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடிக் கதவு திறந்தது. மருந்து வாடை, மிஷின்களின் மெல்லிய பீப் சத்தம், எல்லாம் அப்படியே இருந்தன. காசிம் கடைசியாகப் படுத்திருந்த சுவரோரத்துக் கட்டிலை அவள் பார்க்காமல் இருக்க முயன்றாள். முடியவில்லை. அதில் ஓர் இளைஞன் படுத்திருந்தான். கண்ணை மூடியிருந்தான். போர்வை முழங்காலுக்குமேல் ஏறிக் கிடந்தது; ஏசிக் காற்று நேராகக் காலில் அடித்தது.

பிரம்மநாயகத்தைப் படுக்கவைத்து ஊசி போடும்வரை அவள் பக்கத்தில் நின்றாள். பிறகு அந்தக் கட்டிலருகே போய், பையன் விழித்துவிடாமல் போர்வையை இறக்கிப் பாதத்தை மூடினாள். நர்ஸ் அடையாளம் கண்டுகொண்டு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டாள். சபுரா உட்கார்ந்தாள்.